மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரை வீட்டிலேயே திருத்துதல்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாலிபர் எவரும் என்றேனும் ஒரு நாள் தமது வண்டி இன்னும் சற்று விரைந்து ஓடலாகாதா என்று எண்ணாமலிருப்பதில்லை. அவ்வெண்ணம் பிறந்ததும் அவர் கை முதலில் நாடுவது கார்புரேட்டரையே. காரணம் எளிது. எஞ்சினின் ஏனைய உறுப்புகள் இரும்புக் கூட்டிற்குள் மறைந்து கிடக்க, இஃதொன்றே வெளியில், கைக்கெட்டும் இடத்தில், ஒரு திருப்புளியால் அவிழ்க்கத்தக்கதாய் அமைந்திருக்கின்றது. வீட்டு முற்றத்தில் அமர்ந்து இதனைத் திருத்துவது எங்ஙனம், எதுவரை திருத்தலாம் என்பவற்றை நமது கல்லூரி மாணவர் பொருட்டு எழுதத் துணிகின்றேன். இவ்விஷயத்தில் எனக்குள்ள தகுதி, பௌதிகம் பயின்றவன் என்பதைக் காட்டிலும், ஒரு முறை பிழை செய்து அதன் பலனைக் கண்டவன் என்பதே.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் மிகவும் இறுகின. அது முதல் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, அளந்து பீய்ச்சும் மின்கருவி அவ்விடத்தைப் பெற்றது. ஆகவே இப்பாடம் பழைய வண்டிகளைப் பற்றியது. அவற்றுள்ளும் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கின்றேன். இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டி, 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஆங்கிலக் கம்பெனியாருடன் கூடித் தொடங்கிய முயற்சியினால் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகலாயிற்று. இங்கிலாந்துப் புல்லட்டுகளில் அமால் கார்புரேட்டர் இருந்தது. நம் ஊரில் ஓடும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 24 மில்லிமீட்டர் வாயுடைய மிக்கார்ப் கார்புரேட்டரைக் காணலாம். இரண்டும் ஒரே இனத்தவை. ஒன்றை அறிந்தவர்க்கு மற்றது விளங்கும்.

இனி அதன் தத்துவத்தை நோக்குவோம். குழாயினூடே ஓடும் பாய்பொருள் வேகம் மிகுமிடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்பதை பெர்னூலி என்னும் அறிஞர் 1738-இல் வெளியிட்ட தமது நூலில் ஆராய்ந்தார். குழாயின் நடுவே இடுக்கமான கழுத்து ஒன்றை அமைத்தால் யாது நிகழும் என்பதை வெஞ்சுரி 1797-இல் விளக்கினார். கார்புரேட்டர் அக்கழுத்தேயாம். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று அக்கழுத்தின் வழியாய் விரைந்து உட்செல்கின்றது. அங்கே அழுத்தம் குறைகின்றது. அடியிலுள்ள கிண்ணத்துப் பெட்ரோலின்மீதோ வெளிக் காற்றின் முழு அழுத்தமும் இருக்கின்றது. இவ்விரண்டின் வேறுபாடே பெட்ரோலை ஒரு நுண்துளை வழியாய் மேலே உந்தித் தூவச் செய்கின்றது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகின்றது என்று கூறுவது வழக்கு; உண்மையில் வெளிக்காற்றுத்தான் அதனைத் தள்ளுகின்றது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்திற் கொண்டவர் பின்னர்க் கூறப்போவதில் பாதியைத் தாமே கண்டுகொள்வர்.

எவ்வளவு பெட்ரோல் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிக் கண்டால் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழன்றால், நான்கு வீச்சு எஞ்சின் ஆதலின், 1500 முறை காற்றை உட்கொள்ளும். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முற்றும் நிரம்பாது. ஐந்தில் நான்கு பங்கு நிரம்புவதாய்க் கொள்வோம். அப்பொழுது உட்செல்லும் காற்று நிமிடத்திற்கு 415 லிட்டர். அதன் நிறை அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு வேண்டிய பெட்ரோல் ஏறக்குறைய 50 மில்லிலிட்டர். 415 லிட்டர் காற்றுக்குச் சிறு டம்ளர் அளவுகூட இல்லாத பெட்ரோல்! இவ்விகிதத்தைத் தலைமயிர்த் தடிப்பே வேறுபடும் பித்தளைத் துளையொன்று காத்து நிற்கின்றது. கையில் துளைக் கருவியுடன் கார்புரேட்டரை அணுகுவோர் இக்கணக்கை ஒரு முறை செய்துவிட்டு அணுகுவாராக.

ஒரு பங்கு நிறையுள்ள பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். எனினும் எஞ்சின் மிகுந்த வலிமை தருவது ஏறத்தாழ 12.5 முதல் 13 பங்கு காற்றில்தான். அதாவது பெட்ரோல் சற்றே மிகுந்த நிலையில். மிகுந்த அந்தப் பெட்ரோல் வீணன்று. அது ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்து எஞ்சினின் உட்புறத்தைக் குளிர்விக்கின்றது. புல்லட்டுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது என்பதை இங்கு நினைவு கூர்தல் வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையை மெக்கானிக்குகள் லீன் என்றும், பெட்ரோல் மிகுந்ததை ரிச் என்றும் கூறுவர். அச்சொற்களையே நானும் ஆளுகின்றேன்.

இனி என் பிழையைக் கூறுவேன். நான் மாணவனாயிருந்த காலத்தில் எங்கள் தந்தையாரின் புல்லட் எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாயிருந்தது. அதன் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி, கடையில் விற்ற கூம்பு வடிவான திறந்த வடிகட்டி ஒன்றை மாட்டினேன். சைலன்ஸரையும் உள்ளே தடுப்பற்ற ஒன்றாக மாற்றினேன். கார்புரேட்டரைத் தொடவில்லை. வண்டி அன்று மாலை முன்னினும் உரத்து ஒலித்தது. உரத்து ஒலித்ததையே நான் வலிமை என்று கொண்டேன். மூன்று வாரம் கழிந்து என் தம்பி அதில் மதுரைக்குப் புறப்பட்டான். கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே, நண்பகல் வெயிலில், முழு வேகத்தில் சென்றுகொண்டிருக்கையில் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொண்டது. பின்சக்கரம் சுழலாது நின்றது. அவன் வீழ்ந்தான். வலக்கை எலும்பு முறிந்து, அவ்வாண்டுப் பரீட்சை எழுத இயலாது போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் விலகிச் சென்றதனால் உயிர் தப்பினான் என்பதை அவன் எங்கள் தாயாரிடம் கூறவில்லை. என்னிடம் மட்டும் கூறினான்.

பாளையங்கோட்டையில் முதிய மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் திறந்து, நெடுக்கே கீறல் விழுந்த பிஸ்டனை என் கையில் வைத்தார். "காத்தை மட்டும் கூட்டி உட்டுட்டு பெட்ரோலை அப்படியே வச்சிருக்கீய, தம்பி. பின்ன அது எப்படிலா தாங்கும்?" என்றார். நான் பரீட்சைத் தாளில் பெர்னூலியின் தேற்றத்தை நிறுவி முழு மதிப்பெண் பெற்றவன். அத்தேற்றம் படியாத அவர் கூறியதற்கு மறுமொழி கூற என்னிடம் ஒன்றுமில்லை.

நிகழ்ந்தது இதுவே. பழைய வடிகட்டி காற்றுக்குச் சிறிது தடை தந்தது. அத்தடையினால் கழுத்தில் அழுத்தம் மேலும் தாழ்ந்து, பெட்ரோல் தாராளமாய் ஏறியது. அத்தடையை நீக்கியதும் காற்று மிகுந்தது. அன்றியும் கழுத்தின் அழுத்தம் உயர்ந்து பெட்ரோலை மேலேற்றும் வேறுபாடு குறைந்தது. இரண்டும் கூடிக் கலவையை லீன் ஆக்கின. எரிதல் நீண்டது, வெப்பம் ஏறியது, பிஸ்டன் விரிந்தது. வடிகட்டியையோ சைலன்ஸரையோ மாற்றுவோர் கார்புரேட்டரையும் உடன் திருத்தியே ஆகவேண்டும். திருத்த மனமில்லாதவர் அவற்றையும் தொடாதிருப்பதே தக்கது. உற்பத்தியாளர் அமைத்த நிலையினின்று வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். என் வண்டியில் பழைய சைலன்ஸரையே திரும்ப மாட்டினேன். அண்டை வீட்டாரும் மகிழ்ந்தனர்.

திருத்தத் தொடங்குமுன் எந்த உறுப்பு எந்நிலையில் ஆளுகின்றது என்பதை அறிதல் இன்றியமையாதது. பலர் தவறுவது இங்கேதான். ஆக்ஸிலேட்டர் பிடியை முற்றும் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பெட்ரோலை அளப்பது பைலட் ஜெட். அதனுடன் சேர்ந்தது பக்கத்திலுள்ள காற்றுத் திருகு. எட்டில் ஒன்று முதல் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சாய்வாய் வெட்டப்பட்ட பகுதி ஆளுகின்றது. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் கூம்பு ஊசி. அதற்கு மேல்தான் மெயின் ஜெட். இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று சற்றே கலந்தவை. ஊருக்குள் பிடியைக் கால் பங்குக்கு மேல் திறவாதவர், வண்டி தயங்குகின்றது என்று மெயின் ஜெட்டை மாற்றுவது, கால் வலிக்குக் கண்ணில் மருந்திடுவது போலாகும். பிடியின் அசையாத பாகத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி நான்கு கோடுகள் இடுக. சுழலும் பாகத்தில் ஒரு கோடு இடுக. குறை எந்தக் கோட்டில் தோன்றுகின்றது என்பதை ஓட்டிக் கண்டு, பின்னரே திருப்புளியை எடுக்க.

வேலை செய்யும் இடம் திறந்த வெளியாயிருத்தல் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுக்களை அடுப்பை அடையும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எஞ்சின் நன்றாய் ஆறிய பின் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்திலுள்ளதை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. திருகுகள் மிருதுவான உலோகம். அளவு பொருந்தாத திருப்புளி அவற்றின் தலையை மழுக்கிவிடும். ஜெட்டைக் கழற்றினால் அதன்மீதுள்ள எண்ணை முதலில் குறித்துக்கொள்க. அடைப்பிருப்பின் காற்றூதி நீக்க வேண்டுமேயன்றிக் கம்பி நுழைத்தல் ஆகாது.

உண்மையைக் கூறுமிடத்து, வலிமை குன்றிய பழைய வண்டிகளுள் பலவற்றிற்கு இத்துடன் வேலை முடிந்துவிடும். அடைபட்ட பைலட் ஜெட், தேய்ந்த மிதவை ஊசி, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றுக் கசியும் இணைப்பு ஆகிய இவை மூன்றையும் சீர் செய்யாமல் புதிய ஜெட் வாங்குவது வீண் செலவு. எஞ்சின் நின்று ஓடும்போது அவ்விணைப்பைச் சுற்றிச் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஓட்டம் மாறினால் கசிவு உண்டென்று அறியலாம்.

இவற்றின் பின் முதலில் திருத்துவது பைலட் நிலை. எஞ்சினைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிய பின், காற்றுத் திருகை மெல்ல முற்றும் உட்புறமாய்த் திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குக. உள்ளே திருகினால் கலவை ரிச். வெளியே எடுத்தால் லீன். எந்நிலையில் எஞ்சின் மிக விரைந்தும் ஒழுங்காயும் ஓடுகின்றதோ அங்கே நிறுத்துக. முற்றும் உள்ளே சென்றும் போதாதெனில் பைலட் ஜெட் சிறிது; மூன்று சுற்று வெளியே வந்தும் வேறுபாடில்லையெனில் அது பெரிது. ஒரு எச்சரிக்கை: திருகு எஞ்சின் பக்கமாய் அமைந்துள்ள கார்புரேட்டர்களில் அது பெட்ரோலை அளப்பது, அங்கே உள்ளே திருகினால் லீன் ஆகும். வடிகட்டியின் பக்கமாய் அமைந்ததே காற்றுத் திருகு.

அடுத்து ஊசி. அதன் தலையில் பள்ளங்கள் இருக்கும். சிறு கிளிப் ஒன்று அவற்றுள் ஒன்றைப் பற்றியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலெழும். கலவை ரிச் ஆகும். ஒரு முறைக்கு ஒரு பள்ளம்தான். ஸ்லைடைத் திரும்ப இறக்கும்போது அதன் பக்கத்துப் பள்ளம் கார்புரேட்டரின் உள்ளேயுள்ள முளையில் பொருந்த வேண்டும்; சாய்வாய் வெட்டிய பாகம் வடிகட்டியை நோக்க வேண்டும். எஞ்சினை உதைக்குமுன் பிடியைத் திறந்து விட்டுப் பார்க்க. ஸ்லைடு டக்கென்று அடியில் மோதும் ஓசை கேட்கவில்லையெனில் உதைக்க வேண்டாம். திறந்தபடி சிக்கிய ஸ்லைடுடன் புறப்பட்ட வண்டி, பிடித்துக்கொண்ட பிஸ்டனைப் போலவே ஆளைத் தள்ளும்.

கலவை எவ்வாறுள்ளது என்பதை ஓடும்போதே அறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. லீன் ஆனால் வண்டி தும்மும். பிடியை மூடி இறக்கத்தில் செல்கையில் சைலன்ஸரில் வெடியொலி கேட்கும். அவ்வமயம் சோக்கைச் சற்றே இழுத்தால் வண்டி தெளிந்து விரையும். ரிச் ஆனால் வண்டி கனத்து, குமுறியபடி செல்லும், கரும்புகை காணும். அவ்வமயம் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுச் செல்க. கிண்ணத்தில் பெட்ரோல் தாழத் தாழ, நிற்பதற்கு முன் சில வினாடி வண்டி தெளிந்து ஓடுமாயின் நோய் வெளிப்பட்டது. பிளக்கின் நிறம் பார்த்தல் மற்றொரு வழி: காப்பி நிறம் நன்று, கரி படிந்தால் ரிச், வெளுத்தால் லீன் என்பர். 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலினின்று ஈயம் நீங்கிய பின் இந்நிறங்கள் முன்போல் தெளிவாய்த் தோன்றுவதில்லை. ஆதலின் பிளக்கை ஒரு சாட்சியாய்க் கொள்ளலாம், நீதிபதியாய்க் கொள்ளலாகாது.

மெயின் ஜெட்டைப் பற்றி என் இரண்டாம் பிழையைக் கூறவேண்டும். தம்பி வீழ்ந்த பின் லீன் என்னும் சொல்லே எனக்கு அச்சமாயிற்று. கடையில் பெரிய ஜெட் கிடைக்கவில்லை; நுண்ணிய துளைக் கருவி ஒன்றைப் பெற்று, இருந்த ஜெட்டையே பெரிதாக்கினேன். துளையின் விட்டம் 1.00 மில்லிமீட்டரிலிருந்து 1.05 ஆனால், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகுகின்றது. கைநடுக்கத்தின் அளவே அவ்வைந்து நூற்றிலொரு பங்கு. பிளக் இரண்டே நாளில் கரியாய் அடைந்தது. எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசியது. மிகுந்த பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி இறங்கியிருந்தது. அவ்வண்ணமே சில மாதம் ஓட்டியிருந்தால், சூட்டினால் கெட்ட பிஸ்டன் இம்முறை தேய்வினால் கெட்டிருக்கும். அந்த ஜெட்டைக் கல்லூரிப் பௌதிகச் சாலைக்குக் கொண்டுசென்று, நுண்குழாயின் விட்டத்தை அளக்க நாம் வழங்கும் இயங்கு நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். குறுக்கே அளந்த விட்டம் நெடுக்கே அளந்ததற்கு ஒவ்வவில்லை. வட்டமென்று நான் நினைத்தது முட்டை வடிவாயிருந்தது. விளிம்பில் பித்தளைப் பிசிறு முள்போல் நின்றது. ஜெட்டின் துளையையும் அதன் வாய்ச்சரிவையும் தொழிற்சாலையில் கடைந்து, ஓட்டத்தைச் சோதித்து எண்ணிடுகின்றனர். ஆகவே துளைக்க வேண்டாம்; ஒரே நிறுவனத்தார் செய்த, வரிசையில் அடுத்த எண்ணுள்ள ஜெட்டை வாங்குக. வெவ்வேறு நிறுவனத்தாரின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவையல்ல.

கார்புரேட்டரையே பெரிதாக்கினால் என்ன என்று வினவுவோர் பலர். 24 மில்லிமீட்டர் வாயை 28 ஆக்கினால் பரப்பு நூற்றுக்கு 36 பங்கு மிகும். அதே காற்று அதனூடே செல்லும் வேகம் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோல் ஏறுவதும் தூவப்படுவதும் மந்தமாகும். எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது மட்டும் சிறிது பயன் உண்டு. ஊருக்குள் வண்டி முன்னினும் சோம்பும். புல்லட் 350 மெதுவாய்ச் சுழன்று இழுக்கும் இயல்புடையது. அதன் எஞ்சின் 18 குதிரைத் திறனுடையது. நுண்ணிய திருத்தத்தால் அப்பதினெட்டையும் குறைவறப் பெறலாமே தவிர, இருபத்தைந்து பெற முடியாது.

இக்காலத்தில் பழைய வண்டியின் மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்துவதற்கு நேர்மையான காரணம் ஒன்று உண்டு. பம்புகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எதனால் கலக்கின்றனர். எதனாலில் பிராணவாயு இயல்பாகவே அடங்கியுள்ளமையால் அது எரிய ஒன்பது பங்கு காற்றுப் போதும். கலவை முழுமைக்கும் கணக்கிட்டால் 14.7 என்பது ஏறத்தாழ 13.5 ஆகின்றது. அதாவது கார்புரேட்டர் பழைய அளவே பெட்ரோல் தந்தாலும், எஞ்சினுக்கு அது நூற்றுக்கு எட்டுப் பங்கு லீன். துளையின் விட்டத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு உயர்ந்தால் இது சரியாகும். ஓர் எண்ணோ இரண்டு எண்ணோ பெரிய ஜெட் அதனைச் செய்யும். பழைய ரப்பர்க் குழாய்களையும் மிதவை ஊசியின் ரப்பர் நுனியையும் எதனால் கெடுக்கும். அவற்றையும் மாற்றிவிடுதல் நலம். மலையேறும்போது நிலைமை நேர்மாறானது. உதகமண்டலம் 2240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. சமவெளியில் செவ்வையாய் ஓடிய வண்டி அங்கே ரிச் ஆகிக் குமுறும். இரண்டு நாள் உல்லாசப் பயணத்திற்காக ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. மாற்றிவிட்டு, மறதியாய் அதனுடனே மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதுதான் அபாயம்.

முடிவில், செலவு மிகாத ஒரு பரிசோதனை. ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ ஒரு முறை புகைச் சான்றிதழ் பெறச் செல்கின்றோமல்லவா? சீட்டைப் பெற்று மடித்து வைத்துக்கொள்வதோடு நில்லாமல், அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு எண்ணைப் படிக்க. 2000-க்குப் பின் செய்த இருசக்கர வண்டிகளில் நான்காம் பாரதக் கட்ட விதிகள் வருமுன் பிறந்தவற்றிற்கு எல்லை நூற்றுக்கு 3.5, அதற்கு முற்பட்டவற்றிற்கு 4.5. நின்று ஓடும் நிலையில் கலவை ரிச் ஆக ஆக இவ்வெண் ஏறும். காற்றுத் திருகை நாம் செவியால் வைத்த இடம் சரியா என்பதை அக்கருவி எண்ணாய்க் கூறிவிடுகின்றது. என் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு திருத்தத்திற்கும் எதிரே நாள், ஜெட்டின் எண், கிளிப்பின் பள்ளம், திருகின் சுற்று, இச்சீட்டின் எண் ஆகியவற்றை எழுதி வருகின்றேன். ஒரே நாளில் இரண்டு உறுப்புகளை மாற்றியதாக அதில் ஒரு வரியும் இல்லை.

தம்பியின் கை நேராகிவிட்டது. அவனே இப்போது அவ்வண்டியை வைத்திருக்கின்றான். நான் துளைத்த ஜெட் பௌதிகச் சாலையின் மேசை இழுப்பறையில் ஒரு காகித உறையில் கிடக்கின்றது. நுண்ணோக்கி வழங்கக் கற்கும் முதலாண்டு மாணவர்க்கு அதனைக் கொடுத்து, அதன் விட்டம் யாது என்று கேட்பது வழக்கமாயிற்று. இதுவரை இருவர் ஒரே விடையைத் தந்ததில்லை.